எதிரே இருப்பவருக்குத் தெரியும்: கார்ல் ரோஜர்ஸின் வழி



நபர் மைய ஆலோசனை என்ற முறையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். முறையை விளக்குவதைவிட, அதை உருவாக்கியவரின் வாழ்க்கையைச் சொன்னால் முறை தானே விளங்கிவிடும் என்று நினைக்கிறேன். கார்ல் ரோஜர்ஸ் ஒரு கோட்பாட்டைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு மனிதர்களிடம் போனவர்தான். ஆனால் போன இடத்தில் அந்தக் கோட்பாடு பலிக்கவில்லை என்றால், மனிதரைக் குறை சொல்லாமல் கோட்பாட்டைக் கீழே வைக்கும் துணிவு அவருக்கு இருந்தது. அந்தத் துணிவு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

1902 ஜனவரி 8 அன்று சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் ரோஜர்ஸ் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் நான்காமவர். தந்தை பொறியாளர், கட்டுமானத் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தவர். கடும் மதப்பற்றுள்ள குடும்பம். மது, சீட்டு, நடனம், நாடகம் எதற்கும் வீட்டில் இடமில்லை. முதன்முதலாக ஒரு பாட்டில் சோடா குடித்தபோதுகூட ஏதோ தப்புச் செய்ததுபோல் உறுத்தியது என்று பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பெற்றோருக்குப் பிள்ளைகள்மேல் பாசம் இருந்தது. ஆனால் எது சரி, எது தவறு என்பதைப் பிள்ளை யோசிக்க வேண்டியதே இல்லை. எல்லாம் முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கும். வெளியே நட்பு என்று பெரிதாக எதுவும் இல்லாத, புத்தகத்தில் முகம் புதைத்த பையனாக வளர்ந்தார்.

அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் சிகாகோவுக்கு மேற்கே ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. நகரத்தின் கெட்ட பழக்கங்கள் பிள்ளைகளைத் தொற்றக் கூடாது என்பது பெற்றோரின் எண்ணம் என்று ரோஜர்ஸ் கருதினார். அந்தப் பண்ணைதான் அவரை விஞ்ஞானியாக்கியது. காட்டில் லூனா என்ற பெரிய பச்சை விட்டில்பூச்சிகளைக் கண்டு மயங்கினார். புழுக்களைப் பிடித்து வந்து தீனி கொடுத்து, கூட்டுப்புழுவாகிப் பனிக்காலம் முழுக்கக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்த்தார். ஆட்டுக்குட்டி, பன்றி, கன்று எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. பண்ணையை அறிவியல்படி நடத்த வேண்டும் என்று தந்தைக்கு ஆசை. அதற்காக வாங்கிப் போட்டிருந்த நூல்களில் ஒன்று மாரிசன் என்பவர் எழுதிய கால்நடைத் தீவனம் பற்றிய தடித்த புத்தகம். பதினான்கு வயதுப் பையன் அதைப் படித்தான். ஒரு தீவனம் பாலைக் கூட்டுகிறதா என்று தெரிய வேண்டுமானால் என்ன செய்வது? ஒரே மாதிரியான இரண்டு கூட்டம் மாடுகள் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் அந்தத் தீவனம் தர வேண்டும். மற்றதெல்லாம் சமமாக இருக்க வேண்டும். நமக்குப் பிடித்த எண்ணம் உண்மையா என்று சோதித்துப் பார்க்கும் வழி அங்கே அவருக்குப் பிடிபட்டது. உளவியலுக்கு அவர் பல ஆண்டுகள் கழித்தே வருகிறார். சோதித்துப் பார்க்கும் குணம் அதற்கு முன்பே ஊறிவிட்டது.

1919இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது விவசாயம் படிக்கத்தான். பிறகு மதப்பணிக்குப் போகலாம் என்று மனம் மாறியது. 1922இல் பீக்கிங்கில் நடந்த உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவராகக் கப்பலேறினார். போய்வர ஆறு மாதத்துக்கும் மேலானது. கப்பலிலும் சீனாவிலும் வேறு வேறு நம்பிக்கைகள் உள்ள படித்தவர்களோடு இரவு பகலாகப் பேச்சு. வீட்டில் கற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கேள்விக்கு உள்ளானது. மனதில் பட்டதையெல்லாம் மறைக்காமல் பெற்றோருக்கு எழுதினார். கடிதம் கடல் கடந்து போய், அதிர்ச்சியோடு பதில் திரும்பி வருவதற்குள், அவர் தன் முடிவுகளில் ஊன்றிவிட்டிருந்தார். பெற்றோரின் நம்பிக்கையிலிருந்து விலகிய அந்தப் பிரிவு அதனாலேயே பெரிய வலியில்லாமல் நடந்தது என்கிறார். இன்னொருவர் தீர்மானித்துக் கொடுத்த சரி தவறுகளை வைத்து வாழ்வது என்றால் என்ன, அதிலிருந்து வெளியே வருவது என்றால் என்ன என்பதைப் புத்தகம் படித்து அவர் தெரிந்துகொள்ளவில்லை.

1924இல் வரலாற்றில் பட்டம் பெற்றார். ஹெலனைத் திருமணம் செய்துகொண்டார். நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஒரு விஷயம் நடந்தது. மாணவர்கள் சிலர் நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள்: ஆசிரியர் நடத்தாத ஒரு வகுப்பு எங்களுக்கு வேண்டும், பாடமாக எங்கள் சொந்தக் கேள்விகளே இருக்க வேண்டும். ஓர் இளம் ஆசிரியர் உட்கார்ந்திருக்கலாம், கேட்டாலொழியப் பேசக் கூடாது என்ற ஏற்பாட்டில் நிர்வாகம் அனுமதித்தது. அந்த வகுப்பில் யோசித்து யோசித்தே பலர் மதப்பணி தமக்கு வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ரோஜர்ஸும் அவர்களில் ஒருவர். தெருவைக் கடந்து எதிரே இருந்த கொலம்பியா ஆசிரியர் கல்லூரிக்குப் போய்விட்டார். வழிகாட்டாத ஒரு வழிகாட்டி அறையில் இருக்க, மனிதர்கள் தாமே தமக்கு வழி கண்ட அந்த வகுப்பைத்தான் அவருடைய பிற்கால முறையின் முதல் வடிவமாக நான் பார்க்கிறேன்.

1928இல் ரோச்செஸ்டர் நகரில், குழந்தைகள்மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கத்தின் குழந்தை ஆய்வுப் பிரிவில் வேலை. ஆண்டுச் சம்பளம் 2,900 டாலர். பல்கலைக்கழக உலகத்திலிருந்து விலகிய, புகழுக்கு வழியில்லாத இடம். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். நீதிமன்றமும் காப்பகங்களும் அனுப்பிய குழந்தைகள், அவர்களின் தாய் தந்தையர் என்று நாள் முழுவதும் வேலை. அங்கே யாருக்கும் கோட்பாட்டில் அக்கறையில்லை. இது பலிக்குமா என்ற ஒரு கேள்விதான்.

அந்தக் காலத்து இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும்.

வீடுகளுக்குத் தீ வைக்கும் பழக்கமுள்ள ஒரு சிறுவன். சிறார் குற்றங்களைப் பற்றி எழுதியவர்களில் வில்லியம் ஹீலி அன்றைக்குப் பெரிய பெயர். இத்தகைய குற்றங்களுக்கு அடியில் பாலுணர்வு சார்ந்த ஒரு மோதல் இருக்கும், அதை வெளிக்கொணர்ந்தால் தீரும் என்பது அவர் எழுத்திலிருந்து ரோஜர்ஸ் எடுத்துக்கொண்ட பாடம். காப்பகத்தில் நாள்தோறும் பேசிப் பேசி அந்த மோதலைத் தோண்டி எடுத்துவிட்டார் ரோஜர்ஸ். சிறுவனை விடுவித்தார்கள். அவன் மறுபடியும் தீ வைத்தான். பெரிய அறிஞர்களும் தவறலாம் என்று அன்றுதான் மண்டையில் உறைத்தது என்கிறார்.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் முக்கியமானது. அடங்காத ஒரு மகன். அவனுடைய தாய் படித்த, புத்திசாலியான பெண். சிக்கலின் வேர் ரோஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது: பிள்ளை சின்னவனாக இருந்தபோதே தாய் அவனை ஒதுக்கியிருக்கிறார். அவர் அதை முகத்தில் அடித்தாற்போலச் சொல்லவில்லை. அந்தத் தாய் சொன்ன விவரங்களிலிருந்தே மெல்ல மெல்ல எடுத்துக்காட்டி, அவரே அதைக் கண்டுகொள்ளட்டும் என்று பொறுமையாக முயன்றார். பல சந்திப்புகள் நடந்தும் ஓர் அடி நகரவில்லை. கடைசியில், நாம் இருவரும் முயன்றுவிட்டோம், பலிக்கவில்லை, நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். தாயும் சரி என்றார். கைகுலுக்கிவிட்டு எழுந்து கதவுவரை போனவர் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை தருவீர்களா என்று கேட்டார். உண்டு என்றதும், எனக்கு வேண்டும் என்று வந்து பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். கொட்டத் தொடங்கினார். கணவனோடு இருந்த கசப்பு, தன் தோல்வி, குழப்பம் எல்லாம் வந்தன. அதுவரை அவர் பதில்களாகக் கொடுத்து வந்த வறண்ட குடும்ப வரலாற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான சிகிச்சை அங்கேதான் தொடங்கியது. தாயின் வாழ்க்கை தெளியத் தெளிய மகனும் தெளிந்தான்.

கவனியுங்கள். அத்தனை சந்திப்புகளிலும் ரோஜர்ஸ் சொன்னது ஒருவேளை உண்மையாகவே இருந்திருக்கலாம். அந்தத் தாய் மகனைச் சிறுவயதில் ஒதுக்கியும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த உண்மை ஆலோசகருடையது. தாய் பேச வேண்டியிருந்தது வேறொன்று. எது வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த அனுபவம் ஆழத்தில் புதைந்து கிடக்கிறது என்பதெல்லாம் வந்திருப்பவருக்குத்தான் தெரியும் என்ற முடிவுக்கு ரோஜர்ஸ் வந்தது இந்த நாற்காலியின் எதிரில்தான். தன் சாமர்த்தியத்தைக் காட்டும் ஆசை இல்லாவிட்டால், போகும் திசையை வந்தவரிடமே விட்டுவிடலாம் என்று எழுதினார். இந்த ஓர் எண்ணத்தைக் கழித்துவிட்டால் நபர் மைய ஆலோசனையில் மிஞ்சுவது வெறும் நல்ல நடத்தைதான்.

1940இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 11 அன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உளச்சிகிச்சையின் புதிய கருத்துகள் பற்றி உரையாற்றினார். மாணவர்களைச் சோதித்து, கணித்து, இன்ன படிப்பு படி, இன்னது செய் என்று வழிகாட்டும் ஆலோசனை முறைக்கு அந்தப் பல்கலைக்கழகம்தான் கோட்டை. அங்கேயே போய் அந்த முறையை விமர்சித்தார். பாராட்டு, கோபம், திகைப்பு எல்லாம் வந்தன. தாம் சொல்வது ஊரறிந்த விஷயம் என்று எண்ணியிருந்தவருக்கு, அது புதியது என்று அன்றுதான் புரிந்தது. தம் முறை பிறந்த நாளாக அவர் பின்னாளில் குறிப்பிட்டது அதைத்தான்.

இனி நான் விரும்பும் பகுதிக்கு வருகிறேன். ஆலோசனை அறைக்குள் என்ன நடக்கிறது என்பது அன்றுவரை வெளியே பெரும்பாலும் தெரியாது. கதவு மூடியிருக்கும். பிறகு சிகிச்சையாளர் நினைவிலிருந்து எழுதுவார். அவருக்கு நினைவிருப்பதும், அவர் நினைவில் வைக்க விரும்பியதும் மட்டும்தான் காகிதத்துக்கு வரும். தீவனத்தைக்கூடச் சோதித்துப் பார்க்கப் பழகியவருக்கு இது எப்படிப் போதும்? ஒஹாயோவில் ரோஜர்ஸும் பெர்னார்ட் காவ்னர் என்ற மாணவரும் சேர்ந்து, வந்தவரின் சம்மதத்தோடு, பேச்சை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார்கள். அப்போது அங்கே ஒலிநாடா கிடைக்கவில்லை. அறையில் ஒலிவாங்கி, பக்கத்து அறையில் சுழலும் தட்டுகளில் ஊசி கீறிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். ஒன்று முடிவதற்குள் அடுத்தது ஓட வேண்டும் என்பதால் இரண்டு எந்திரங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு எத்தனை முறை தட்டு மாற்ற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு அதையெல்லாம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுச் சொல்லுக்குச் சொல் எழுதியாக வேண்டும்.

1942இல் வந்த அவருடைய நூலில் ஹெர்பர்ட் பிரையன் என்று பெயர் மாற்றப்பட்ட ஒருவரோடு நடந்த எட்டு அமர்வுகளின் உரையாடல் முழுவதும், சொல் விடாமல், அச்சானது. ஒரு சிகிச்சை முழுமையாக இப்படி வெளியானது அதுவே முதல் முறை. நோயாளி என்று சொல்லும் வழக்கத்தையும் அந்த நூலில் விட்டுவிட்டார். பதிவைக் கேட்ட மாணவர்களுக்குக் காது திறந்தது. வந்தவர் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்த இடத்தில், ஆலோசகர் கேட்ட ஒரு கேள்வியால் பேச்சு வறண்டுபோவது அப்பட்டமாகக் கேட்டது. நான் நன்றாகத்தான் கேட்டேன் என்று யாரும் சாதிக்க முடியாது. தட்டு சாட்சி சொல்லும்.

1945 முதல் 1957 வரை சிகாகோ பல்கலைக்கழக ஆலோசனை மையம். ஆராய்ச்சி அங்கே பெரிதாக வளர்ந்தது. சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட, சிறிது காலம் காத்திருக்கச் சம்மதித்தவர்களை ஒரு குழுவாக வைத்தார்கள். பண்ணையில் கற்ற அதே ஏற்பாடுதான். நான் எப்படி இருக்கிறேன், எப்படி இருக்க விரும்புகிறேன் என்ற இரண்டு சித்திரங்களை ஒவ்வொருவரும் அட்டைகளைப் பிரித்து அடுக்கிக் காட்டினார்கள். சிகிச்சைக்குப் பின் அவற்றின் இடைவெளி குறைந்ததா என்று அளந்தார்கள். 1956இல் அமெரிக்க உளவியல் சங்கம் அறிவியல் பங்களிப்புக்கான விருதை முதன்முதலாக வழங்கியபோது மூவரில் ஒருவராக ரோஜர்ஸைத் தேர்ந்தது இந்த ஆராய்ச்சிக்காகத்தான். அன்பாகப் பேசச் சொன்ன ஒரு நல்ல மனிதர் என்றே நம்மில் பலர் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

1957இல் வெளியான கட்டுரையில்தான் அவருடைய துணிச்சலான கூற்று இருக்கிறது. ஆறு நிபந்தனைகள் நிறைவேறினால் போதும், ஆளுமையில் மாற்றம் நிகழும் என்றார். இருவருக்கிடையே மனத்தொடர்பு இருக்க வேண்டும்; வந்தவர் தம் அனுபவத்துக்கும் தம்மைப் பற்றிய எண்ணத்துக்கும் இடையே முரண்பட்டுத் தவிப்பவராக இருக்க வேண்டும்; ஆலோசகரின் மனப்பான்மை அவருக்குக் கொஞ்சமாவது எட்ட வேண்டும். நடுவில் உள்ள மூன்று ஆலோசகரைப் பற்றியவை: உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதிருத்தல், நிபந்தனையற்ற ஏற்பு, ஒத்துணர்வு. ஆறில் எதிலும் நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது இல்லை, நுட்பமான உத்திகள் இல்லை. பட்டமும் இல்லை. உளவியலில் பட்டம் வழங்கும் துறையில் இருந்துகொண்டே இதை எழுதினார்.

ஆலோசகருக்கான அந்த மூன்று நிபந்தனைகளையும் சொல்வது எளிது. அறையில் என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஓர் உதாரணத்தை நம் ஊர்ப் பேச்சிலேயே வைத்துக்கொள்கிறேன், கற்பனைதான். வேலைக்குப் போகும் ஒரு பெண் உங்கள் எதிரில் உட்கார்ந்து சொல்கிறார்: "ஆபீஸ் முடிஞ்சு வீட்டு வாசலுக்கு வந்துட்டா, உள்ள போகக் காலே வர மாட்டேங்குது."

"எல்லா வீட்லயும் இருக்கறதுதாம்மா" என்று ஒருவர் தேற்றுவார். "மாமியாரோட ஏதாவது பிரச்சினையா?" என்று இன்னொருவர் துப்புத் துலக்குவார். "ஒரு வாரம் அம்மா வீட்ல இருந்துட்டு வாங்களேன்" என்பது அறிவுரை. "குழந்தைங்க முகத்தப் பாத்தா எல்லாம் மறந்துடும்" என்பது போதனை. நான்கு பேரும் நல்லவர்கள். நான்கு பேரும் அந்தப் பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தாங்கள் உள்ளே போய்விட்டார்கள்.

ரோஜர்ஸ் வழியில் பயின்றவர் சொல்வது இப்படி இருக்கலாம்: "வாசல் வரைக்கும் வந்துடறீங்க. அதுக்குமேல ஓர் அடி வைக்கத் தெம்பில்லாத மாதிரி இருக்கு." அந்தப் பெண் சற்று யோசிக்கிறார். "தெம்பில்லாம இல்ல... உள்ள போனா நான் வேற ஆளா மாறிடறேன். அதுதான் பயமா இருக்கு."

ஆலோசகர் சொன்னது சரியில்லை. ஆனால் அது தவறென்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு இடம் இருந்தது. சொல்லப்போய்த் தம் மனதில் இருப்பதைத் தாமே இன்னும் துல்லியமாகக் கண்டுகொண்டார். ஆலோசகர் வந்தவரின் கடைசி வாக்கியத்தைக் கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொல்வதும், ம்ம் ம்ம் என்று தலையாட்டுவதும்தான் ரோஜர்ஸ் முறை என்று ஒரு கேலி நெடுநாளாக உண்டு. அவருக்கு அது மிகுந்த சங்கடம் தந்தது. தாம் செய்வது உணர்ச்சியைக் கண்ணாடிபோல் பிரதிபலிப்பது இல்லை, தம் புரிதல் சரிதானா என்று அவரிடமே சோதித்துக்கொள்வது என்று 1986இல், வாழ்நாளின் கடைசிக் கட்டத்தில்கூட எழுதி விளக்க வேண்டியிருந்தது. இன்னொருவரின் உலகத்தைத் தன் உலகம் போலவே உணர வேண்டும். அந்தப் 'போல' என்பதை மட்டும் தொலைத்துவிடக் கூடாது என்று ஒத்துணர்வுக்கு அவர் எல்லை வகுத்தார். எதிரே இருப்பவர் அழும்போது நாமும் சேர்ந்து மூழ்கிப்போனால் அங்கே கரையில் ஆளில்லை.

நிபந்தனையற்ற ஏற்பு என்பதைச் செய்கைகளையெல்லாம் சரி என்று ஒப்புக்கொள்வதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மனைவியை அடித்ததைச் சொல்லும் ஆணிடம் அது பரவாயில்லை என்று சொல்லச் சொல்கிறாரா ரோஜர்ஸ்? இல்லை. இதைச் சொன்னதால் உன் மதிப்பு என்னிடம் குறையாது, மேலே சொல் என்ற நிலை அது. முதல் மார்க் வாங்கினால்தான் என் பிள்ளை, சொன்ன பேச்சு கேட்டால்தான் நல்ல பெண் என்று நிபந்தனையோடு கிடைத்த மதிப்பிலேயே வளர்ந்தவர்கள், அந்த நிபந்தனைக்கு ஒத்துவராத தம் அனுபவங்களைத் தமக்கே மறைத்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய கோட்பாட்டின் உயிர்நாடி. ஓக் பார்க் வீட்டில் சோடா பாட்டிலைக் கையில் பிடித்திருந்த பையனுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இதற்கெல்லாம் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சிறுவயதில் வீட்டின் நிலவறையில் பனிக்காலத்துக்காகப் போட்டு வைத்த உருளைக்கிழங்குகளை ரோஜர்ஸ் நினைவுகூர்வார். மண் இல்லை, நீர் இல்லை, எட்டாத உயரத்தில் ஒரு சிறு சன்னல். அப்படியும் கிழங்கு முளைவிடும். பச்சையில்லாத, வெளிறிய, நோஞ்சான் முளைகள் இரண்டு மூன்று அடி நீளத்துக்குச் சன்னல் வெளிச்சத்தை நோக்கிப் போகும். அரசு மனநல மருத்துவமனைகளின் பின்வார்டுகளில் கண்ட மனிதர்களோடு பேசும்போது அந்த முளைகள் நினைவுக்கு வரும் என்றார். பார்க்க விகாரமாக இருக்கலாம், ஆனால் அதுவும் வளர முயல்வதுதான்.

1964இல் எவரெட் ஷோஸ்ட்ரம் எடுத்த ஒரு கல்விப் படத்தில் குளோரியா என்ற பெண் மூன்று சிகிச்சையாளர்களை அடுத்தடுத்துச் சந்திக்கிறார்: ரோஜர்ஸ், ஃப்ரிட்ஸ் பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ். விவாகரத்தானவர். ஆண்களோடு தமக்குள்ள உறவைப் பற்றி ஒன்பது வயது மகள் கேட்டபோது பொய் சொல்லிவிட்டார். உண்மையைச் சொன்னால் குழந்தை மனம் கெட்டுவிடுமா? இதற்குப் பதில் வேண்டும் என்று ரோஜர்ஸை நெருக்குகிறார். நம் ஊரில் தினமும் கேட்கிறோமே, "நீங்களே ஒரு வழி சொல்லுங்க சார்", அதே குரல்தான். ரோஜர்ஸ் நழுவவில்லை. உங்களுக்காக நான் பதில் சொல்லக்கூடிய விஷயமில்லை இது, ஆனால் நீங்களே அதைத் தேடிப் போக உதவ எனக்கு உண்மையிலேயே விருப்பம் என்கிறார். தவிப்பிலேயே அவரோடு இருக்கிறார். அரைமணி நேரத்துக்குள் குளோரியா தம் கேள்விக்கு அடியில் இருந்த கேள்வியை வந்தடைகிறார்: மகள் ஏற்றுக்கொள்வாளா என்பதற்கு முன்னால், நான் என்னை ஏற்றுக்கொள்கிறேனா? பதில் சொல்லியிருந்தால் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது. ஆலோசனை பயிலும் ஒவ்வொருவரும் அந்தப் படத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

ரோஜர்ஸுக்கும் ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் போனது. சிகாகோவில், 1940களின் கடைசியில், ஆழ்ந்த மனச்சிதைவில் இருந்த ஒரு பெண்ணோடு வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் நெருக்கம், ஒரு நாள் விலகல் என்று தடுமாறினார். தம்மை அந்தப் பெண்ணிடமிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாத நிலை வந்தது. நான் உடைந்துவிடுவேன் என்று ஒரு நாள் தோன்றியதும், ஒரு மனநல மருத்துவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மனைவியோடு ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பி, தம் மையத்திலேயே பணியாற்றிய ஓர் இளையவரிடம் தாமே ஆலோசனைக்குப் போய் உட்கார்ந்தார். இதையெல்லாம் மறைக்காமல் எழுதியும் வைத்தார். அந்த அனுபவத்துக்குப் பிறகு எழுதியவற்றில் ஆலோசகரின் உண்மைத்தன்மைக்கு முன்னைவிட அதிக இடம் இருப்பதைப் படிப்பவர்கள் காணலாம்.

அவரோடு முரண்பட்டவர்களையும் சொல்லியாக வேண்டும். 1957 ஏப்ரலில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மெய்யியலாளர் மார்ட்டின் பூபரோடு மேடையில் உரையாடினார். சிகிச்சையின் உச்சத் தருணங்களில் நாங்கள் இருவரும் சமமான இரு மனிதர்களாகச் சந்திக்கிறோம் என்றார் ரோஜர்ஸ். பூபர் ஒப்பவில்லை. அவர் உதவி கேட்டு உன்னிடம் வருகிறார், நீ உதவி கேட்டு அவரிடம் போகவில்லை. இந்தச் சூழ்நிலையே சமமில்லாதது என்றார். இதில் பூபர் பக்கம் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர் ஐம்பதாவது நிமிடத்தில் எழுந்து போகலாம். கட்டணம் வாங்குகிறார். தம் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஏற்றத்தாழ்வை மறந்தால், சமம் என்ற பேச்சே ஒரு மூடுதிரையாகிவிடும். ஆனால் ரோஜர்ஸ் பேசிய தருணங்களும் பொய்யில்லை. வேலை செய்தவர்களுக்கு அவை தெரியும்.

1957இல் விஸ்கான்சினுக்குப் போனார். மெண்டோட்டா அரசு மருத்துவமனையில் மனச்சிதைவு நோயாளிகளிடம் தம் ஆறு நிபந்தனைகளைச் சோதிக்கத் துணிந்தார். ஆராய்ச்சிக் குழுவுக்குள் பெரும் பூசல். தரவுகள் காணாமல் போயின. அறிக்கை 1967இல்தான் வந்தது. சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் அவர் எதிர்பார்த்த தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. ஒத்துணர்வு அதிகம் கிடைத்தவர்கள் ஓரளவு மேலாக இருந்தார்கள். இத்தகைய நோய்களுக்கு மருந்து தேவை, குடும்பத்துக்கும் துணை தேவை. உறவு ஒன்றே போதும் என்று சொல்வது நோயுற்றவருக்குச் செய்யும் தீங்கு என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அதே மருத்துவமனையில் நடந்த ஒரு சிகிச்சையின் பதிவையும் படியுங்கள். பேசவே பேசாத ஓர் இளைஞர். ஒரு மௌனம் கால்மணி நேரத்தையும் தாண்டுகிறது. ரோஜர்ஸ் நிரப்பப் பார்க்கவில்லை. அவ்வப்போது ஒரு வாக்கியம், மீண்டும் மௌனம். நான் யாருக்கும் எதற்கும் உதவாதவன் என்று இளைஞர் முணுமுணுக்கிறார். நீ மதிக்கும் ஒருவர் உன்னை உதவாக்கரை என்று சொன்னதுபோல் வலிக்கிறதா என்று கேட்கிறார் ரோஜர்ஸ். எனக்கொன்றும் கவலையில்லை என்கிறார் அவர். கவலையில்லை என்று சொல்லிக்கொள்கிறாய், ஆனால் உனக்குள் ஏதோ ஒன்று அதற்காக அழுகிறது என்று மெதுவாகச் சொல்கிறார் ரோஜர்ஸ். இன்னொரு கட்டத்தில் இளைஞர் விம்மி விம்மி அழுகிறார். பின்னர் மருத்துவமனையை விட்டு வெளியேறினார். ஆண்டுகள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, வேலை பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஓர் ஆளை வைத்துக் கோட்பாட்டை நிரூபிக்க முடியாது என்று ரோஜர்ஸே சொல்வார்.

சோதனை இன்னும் தொடர்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தேசிய சுகாதாரச் சேவையில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 510 பேரிடம், நபர் மைய அனுபவச் சிகிச்சையையும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியானது. ஆறாம் மாதத்தில் முன்னது பின்னதற்குக் குறைந்ததில்லை. பன்னிரண்டாம் மாதத்தில் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை சற்று முந்தியது. இந்த இரண்டு வரிகளையும் சேர்த்தே மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். முதல் வரியோடு நிறுத்துபவர் ரோஜர்ஸின் மாணவர் ஆக மாட்டார்.

கடைசி இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கலிபோர்னியாவின் லா ஹோயாவில். ஒருவரோடு ஒருவர் என்ற அறையிலிருந்து குழுக்களுக்கு நகர்ந்தார். பெல்ஃபாஸ்டின் கத்தோலிக்கர்களையும் புராட்டஸ்டண்டுகளையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்தார். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் முகம் பார்த்துப் பேச வழி செய்தார். அந்தக் குழுக்கள் நாடுகளின் தலையெழுத்தை மாற்றின என்று சொல்ல மாட்டேன். எண்பது வயதில் தென்னாப்பிரிக்காவரை போனார் என்பதே எனக்குப் பெரிது. 1987 பிப்ரவரி 4 அன்று, இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்த நிலையில், இதயம் நின்று காலமானார். வயது 85.

இங்கே பயிற்சி தருபவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு கோரிக்கை. நம் பட்டயப் படிப்புகளில் மூன்று நிபந்தனைகளை வரையறுக்கச் சொல்லிக் கேள்வி வருகிறது. மாணவர்களும் அழகாக எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அதைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாணவரும் வந்தவரின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு அமர்வுகளைப் பதிவு செய்து, வழிகாட்டியோடு உட்கார்ந்து போட்டுக் கேட்பதைக் கட்டாயமாக்குங்கள். எந்த இடத்தில் வந்தவரின் குரல் தாழ்ந்தது, எந்தக் கேள்விக்குப் பின் அவர் பேச்சு சுருங்கியது, எங்கே நாம் அவசரப்பட்டோம் என்று குறித்துக்கொள்ளட்டும். பெயரையும் அடையாளத்தையும் நீக்குவது, பயன்பாடு முடிந்ததும் அழித்துவிடுவது, வேண்டாம் என்று வந்தவர் சொன்னால் அந்தக் கணமே நிறுத்துவது ஆகியவற்றுக்கு விதிகளை எழுதி வையுங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தட்டு மாற்றிய காலத்தில் செய்ததை, சட்டைப்பையில் ஒலிப்பதிவுக் கருவி இருக்கும் காலத்தில் செய்யாமல் இருக்க நமக்குக் காரணம் இல்லை. முதலாண்டு மாணவர்களிடமிருந்தே தொடங்கலாம். அதை எப்படி நடத்துவது என்பதில் உங்களுக்கு உள்ள தயக்கங்களை இப்போது கேளுங்கள், பேசுவோம்.